சோத்தாங்கைப் பக்கம்

முப்பத்தொரு சதவீதம். பத்து நிமிஷமாக இந்தப் பச்சைப் பட்டை முப்பத்தொன்றிலேயே நிற்கிறது. நான் முறைத்துக்கொண்டிருப்பதால் கூச்சப்படுகிறதோ என்னவோ. சரி, பார்க்கவில்லை, நீ பாட்டுக்கு ஓடு. ஜன்னலுக்கு வெளியே ஆலத்தூர் தொழிற்பேட்டை சனிக்கிழமை மந்தத்தில் கிடக்கிறது. எதிர்க் கம்பெனி செக்யூரிட்டி நாற்காலியை நிழல் போகும் பக்கமெல்லாம் நகர்த்திக்கொண்டே இருக்கிறார், ஒன்பது மணிக்கு இருந்த இடத்திலிருந்து இப்போது ஆறடி தள்ளியிருப்பார். இந்த மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர், இன்றைக்கு ஆள் நான் ஒருத்திதான். மணி பன்னிரண்டு ஐந்து. ஒரு மணிக்குச் சாப்பாடு. அதற்குள் பட்டை நூறைத் தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும், தொடாவிட்டால் தெரியாமலே சாப்பிடலாம், இரண்டில் எதை வேண்டுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. திரையில் நாலு உருண்டைகள், பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம். வெளியாள் பார்த்தால் இதற்கா சம்பளம் என்பார்கள். பார்மகோஃபோர் மாடல் என்று பேர், பேர்தான் வாயில் நுழையாது, விஷயம் அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு மருந்து மூலக்கூறின் உடம்பையெல்லாம் அழித்துவிட்டு, அது புரதத்தைத் தொடுகிற இடங்களை மட்டும் உருண்டைகளாக நிறுத்தி வைப்பது. பச்சை ஹைட்ரஜனைக் கொடுக்கும் இடம், சிவப்பு அதை வாங்கும் இடம், மஞ்சள் எண்ணெய்ப்பசை, நீலம் மின்னேற்றம். ஆள் எழுந்து போய்விட்டார், எங்கெங்கே கைவைத்தார் என்பது மட்டும் மிச்சம். புது மூலக்கூறுக்கும் இதேபோல உருண்டைகள் வைத்து, அதை இதன்மேல் பொருத்திப் பார்ப்பதுதான் என் வேலை. ஒன்று அசையாமல் நிற்கும், மற்றது புரண்டு, சுழன்று, வளைந்து வந்து அதன்மேல் உட்கார வேண்டும். பதினெட்டு வருஷமாக இந்தப் பொருத்தம்தான் பார்க்கிறேன், ஜோசியருக்காவது வெற்றிலை பாக்கு கிடைக்கும். காலையில் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் படம் தயார் செய்ய உட்கார்ந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. படத்தில் எழுத்துகளும் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு சொடுக்கு. நடுக் கார்பனுக்குப் பக்கத்தில் எஸ் என்று வந்து நின்றது. ஆர் வரவேண்டிய இடம். ஆர் என்றால் வலக்கை, எஸ் என்றால் இடக்கை. மூலக்கூறுகளுக்கும் கை உண்டு, அதே அணுக்கள், அதே எடை, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம், ஒன்று மருந்தாக இருக்கும், மற்றது வெறும் தூளாக இருக்கலாம். நாலு மாதமாகக் கீழே லேப்பில் வேதகிரி சார் ராப்பகலாகச் செய்துகொண்டிருப்பது நான் கொடுத்த படத்தைப் பார்த்து.

முப்பத்தெட்டு. நகர்கிறது. இருக்கிற இரண்டையும் ஓடவிட்டிருக்கிறேன், வலக்கை ஒன்று, இடக்கை ஒன்று, ஒவ்வொன்றும் ஐந்நூறு விதமாக வளைந்து நெளிந்து நாலு உருண்டையிலும் உட்காருகிறதா என்று. இடக்கையும் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, வலக்கைதான் வேண்டும் என்ற பழைய அறிக்கைதான் தப்பு என்று விட்டுவிடலாம். உட்காராவிட்டால். கை வியர்க்கிறது, இந்த ஏசியில். எந்தக் கை என்று பார்க்கிறேன், பார்க்காமல் சொல்லத் தெரியாது எனக்கு. நாற்பத்து மூன்று வயதில், முனைவர் பட்டம் வாங்கிய பிறகும், ஆட்டோக்காரர் லெஃப்டா ரைட்டா என்று கேட்டால் எனக்கு ஒரு நொடி இருட்டிக்கொண்டு வரும். மடியில் விரல்களைக் குவித்துச் சோறு எடுப்பதுபோல ஒரு அசைவு செய்து பார்த்துக்கொள்வேன், அந்தக் கை வலது. அம்மா சொல்லிக்கொடுத்த வழி. பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் என் இடக்கைதான் முந்தும், அம்மா அதில் வேப்பெண்ணெயைத் தடவிவிடுவாள், நான் கசப்போடு சேர்த்து நக்கிவிடுவேன். அப்புறம் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து, சோத்தாங்கை எது, காட்டு. காட்டினால் சோறு. தப்பாகக் காட்டினால் அடியில்லை, திட்டில்லை, தட்டைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துவாள், அவ்வளவுதான். விருந்தாளி வந்தால் வாசலிலேயே ஒருமுறை காதோரம் கேட்பாள், சோத்தாங்கை எது. கல்யாணப் பந்தியில் என்னை ஓரத்தில் உட்கார வைப்பாள், தப்பித்தவறிப் பழைய கை எழுந்தால் பக்கத்து ஆளை முழங்கை இடிக்காமல் இருக்க. அவளைக் குறை சொல்லவில்லை. பெண் பிள்ளை, நாலு பேர் முன்னால் பீச்சாங்கையால் சாப்பிட்டால் யார் வாயில் விழுவது என்று பயம். வேப்பெண்ணெய் காய்ந்துவிட்டது, பயம் எனக்குள் குடி வந்துவிட்டது. கதிரேசனோடு மூன்று வருஷம் வாழ்ந்தேன், நல்ல மனுஷர்தான், கல்யாணமான முதல் வாரத்திலேயே மெதுவாகச் சொன்னார், அந்தக் கையால எங்கம்மாவுக்குப் பரிமாறிடாத திலகா. கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தானோ என்னவோ இன்றைக்கும் காதில் இருக்கிறது. அந்த வீட்டில் அவர்கள் எல்லாரும் அசையாமல் நின்றார்கள், நான்தான் புரண்டு சுழன்று போய்ப் பொருந்திப் பார்த்தேன், ஏதோ ஒரு உருண்டை கடைசிவரை உட்காரவில்லை. இப்போது கேளம்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு. கதவைத் தாழ் போட்டு, திரையை இழுத்துவிட்டு, ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடும்போதும் வலக்கைதான். யார் பார்க்கிறார்கள். யாருமில்லை. இருந்தாலும்.

ஐம்பத்திரண்டு. ஒரே ஒரு இடம் உண்டு, கீழே, லேப்புக்குப் பக்கத்து அறையில், ஒரு மணிக்கு. நாலு வருஷம் முன்னால் இட்லிப் பானை ஆவியில் வலக்கை வெந்துபோய்க் கட்டுப் போட்டிருந்தேன். மாடியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், அவர்கள் முன்னால் முடியாது, அதனால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன், அங்கே வேதகிரி சார் தனியாக உட்கார்ந்திருந்தார். சிந்தசிஸ் கெமிஸ்ட், ஐம்பத்தெட்டு வயது, திருக்கழுக்குன்றத்திலிருந்து பைக்கில் வருவார். மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஓசூரில் இருக்கிறார், இவரே சமைத்து இவரே கட்டிக்கொண்டு வருவார், நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் ஓசூரிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வரும். நான் டப்பாவைத் திறந்து இடக்கையை வைத்தபோது எனக்குக் காது சுட்டது. அவர் ஊறுகாய்ப் பாட்டிலை நடு மேஜையிலிருந்து எடுத்து என் இடப்பக்கம் வைத்தார். எட்டுமா மேடம் என்றார். அவ்வளவுதான், அப்புறம் கரண்ட் கட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பத்து நாளில் கட்டைப் பிரித்தார்கள். பதினோராம் நாளும் நான் கீழேதான் போனேன், இடக்கையால்தான் சாப்பிட்டேன், அவர் ஏனென்று கேட்கவில்லை, பாட்டில் இடப்பக்கம் வந்தது. நாலு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குச் சில நாள் அந்தப் பாட்டில் மேஜையைத் தொடும் சத்தத்தைக் கேட்டால் அழுகை வரும், ஊறுகாய் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். என்ன உறவு இது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. உறவெல்லாம் இல்லை. இருபது நிமிஷம், இரண்டு டப்பா, அவர் ரசம் புளித்துப்போன கதையை நான் கேட்பேன், வீட்டுக்காரம்மா மோட்டார் போட விடாத கதையை அவர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பசிப்பதே இல்லை.

ஐம்பத்தேழு. அதே மேஜையிலிருந்துதான் இந்தத் தப்பும் எழுந்து வந்திருக்கிறது, அதுதான் என்னைக் காலையிலிருந்து குடைகிறது. பழைய அறிக்கையில் படம் இல்லை, வலக்கை வடிவம் என்று ஒரு வரிதான் இருந்தது. அதை நான் வரைய வேண்டும், நடுக் கார்பனிலிருந்து ஒரு கிளை முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று. அதற்கு ஒரு கணக்கு உண்டு, சின்னக் கிளையை நமக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் பெரியதிலிருந்து வரிசையாக விரலால் சுற்ற வேண்டும், வலப்பக்கமாகச் சுற்றினால் ஆர். சுற்றினேன். எந்தப் பக்கம் சுற்றினேன் என்று தெரிய மடியில் சோறு எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நேராக மேலே வந்திருந்தேன், விரலில் நார்த்தங்காய் வாசனை இன்னும் போகவில்லை, குவிந்து எழுந்த கை எது என்று இப்போது நினைத்துப் பார்த்தால். இடது. சோத்தாங்கை எது, காட்டு. என் உடம்பு முதன்முதலாகத் தனக்குத் தோன்றிய கையைக் காட்டியிருக்கிறது, நான் அதை நம்பிப் படம் வரைந்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் பயந்து பயந்து சரியாகக் காட்டினேன், சந்தோஷமாக இருந்த காலத்தில் தப்பாகக் காட்டிவிட்டேன், இதைப் போய் எந்தக் கூட்டத்தில் சொல்வது. அப்போதே பிடித்திருக்கலாம். பொருத்திப் பார்த்தபோது பச்சையும் சிவப்பும் மஞ்சளும் அழகாக உட்கார்ந்தன, நீலம் மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. நீலத்துக்கு நேரே ஒரு கட்டம், கட்டாயமில்லை என்று. அதில் ஒரு டிக். உடனே பொருத்தம் பிரமாதம் என்று எண் வந்தது, வராமல் என்ன செய்யும், பொருந்தாததை எடுத்துவிட்டால் எல்லாம் பொருந்தும். மூன்று உருண்டை என்றால் ஒரு முக்கோணம், முக்கோணத்தைத் திருப்பிப் போட்டால் கண்ணாடிப் பிம்பத்தின் மேலும் அப்படியே உட்காரும், நாலாவது இருந்தால்தான் கை தெரியும். எம்.ஃபார்ம் பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன் இதை. அந்த நாலாவதைத்தான் கண்ணை உறுத்துகிறதென்று அணைத்துவிட்டேன், எழுத்துகளையும் மறைத்து வைத்தேன், படம் சுத்தமாக இருக்கட்டும் என்று.

இன்டர்காம். இருநூற்றுப் பதினாலு, லேப். இரண்டு முறை அடிக்க விட்டு எடுக்கிறேன். "மேடம், மேலதான் இருக்கீங்களா? ஒரு நல்ல சேதி. திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு வச்சிக்கிட்டு, கடைசி ஸ்டெப்ப இன்னைக்கே போட்டுடறேன். பன்னெண்டரைக்குப் போட்டா சாப்ட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்." குரலில் ஒரு குதி இருக்கிறது, நாலு மாதத்துக் குதி. பட்டையைப் பார்க்கிறேன், அறுபத்திரண்டு. கடைசி ஸ்டெப்புக்கு முன்னால் நிற்கிற பொருளில் கையைத் திருப்ப ஒரு வழி இருக்கிறது, அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், கடைசி ஸ்டெப் முடிந்துவிட்டால் பூட்டிச் சாவியைத் தொலைத்த மாதிரி, அப்புறம் திரும்பாது. இருங்க சார், ஒரு அரைமணி நேரம் பொறுங்க என்று சொல்ல வேண்டும். ஆறே வார்த்தை. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏனென்றால் இன்னும் அறுபத்திரண்டுதான். மிச்சமிருக்கிற முப்பத்தெட்டு சதவீதம் நல்லதாகவும் முடியலாம். அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லி ஒரு மனுஷரின் சனிக்கிழமையைக் கெடுப்பானேன். "சரிங்க சார்." என் குரல்தான். "ஒரு மணிக்கு வந்துடுங்க, இன்னைக்குப் புதுப் பாட்டில் தொறக்கறேன்." வைத்துவிட்டார். ரிசீவர் இன்னும் என் கையில் இருக்கிறது. இடக்கையில். இந்தக் கையால் பொய் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, தானாகவே வந்தது.

எழுபது. பன்னிரண்டு முப்பத்தொன்று, போட்டிருப்பார். இப்போது கூப்பிட்டாலும் நிறுத்தலாம். எழுபத்து மூன்று. நிறுத்த முடியாது, போட்டால் போட்டதுதான். கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியாதா என்ன. தெரியும், அதனால்தான் இந்த ஒரு நிமிஷத்துக்கு முந்தைய நிமிஷம் இத்தனை துல்லியமாகத் தெரிகிறது. உண்மையைச் சொல்லேன் திலகவதி, இந்த மாடியில் யார் இருக்கிறார்கள், உனக்கு நீயே சொல்லிக்கொள். நீ சும்மா இருந்தது பட்டைக்காக இல்லை. காலையில் எஸ் என்ற எழுத்தைப் பார்த்தவுடனே உனக்கு வந்த நினைப்பு மூலக்கூறு இல்லை, மருந்து இல்லை, நாலு மாதம் இல்லை, இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு. சொன்னபிறகு அந்த மேஜையில் எப்படி உட்காருவது. அதனால் இன்னும் ஒருமுறை மட்டும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று. ஒரே ஒரு சாப்பாடு, அதற்குள் எல்லாம் போய்விடுமா. போய்விட்டது பார். பட்டினி கிடந்தவள் மாதிரி ஒரு சாப்பாட்டுக்காக. எனக்கு என்மேலே அருவருப்பாக இருக்கிறது, அதற்கும் மேலே பயமாக இருக்கிறது. எண்பத்தொன்பது. கடைசியில் எப்போதும் வேகமாகத்தான் ஓடும். செக்யூரிட்டி நாற்காலியை இன்னும் ஒரு முழம் தள்ளிப் போடுகிறார். தொண்ணூற்றேழு. நூறு. வலக்கை மூலக்கூறு நாலு உருண்டையிலும் போய் உட்கார்ந்திருக்கிறது, நீலம் நீலத்துக்குள் துளி பிசகாமல். இடக்கை மூலக்கூறு ஐந்நூறு விதமாகவும் வளைந்து பார்த்திருக்கிறது பாவம், ஒன்றிலும் நீலம் எட்டவில்லை. பன்னிரண்டு ஐம்பத்தைந்து. டப்பாவை எடுத்துக்கொள்கிறேன். சாப்பிட்டபிறகு சொல்லலாம். இனிமேல் முன்னாலே சொன்னாலும் பின்னாலே சொன்னாலும் ஒன்றுதான், படியில் இறங்கும்போது இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன்.

அறையில் ஸ்டீல் மேஜை துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது. வேதகிரி சார் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், சட்டைக் கையெல்லாம் கரைப்பான் வாசனை. "வாங்க மேடம். போட்டாச்சு, சுத்திட்டு இருக்கு." புதுப் பாட்டில் மூடியை இரண்டு தட்டு தட்டித் திறக்கிறார், பார்க்காமலே என் இடப்பக்கம் வைக்கிறார். அந்தச் சத்தம். டப்பாவைத் திறக்கிறேன், தக்காளி சாதம். பேத்தி போனில் தன்னை ஏதோ ஒரு விலங்கின் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் சிரித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன், சாப்பிட முடிகிறது, சாதம் இறங்குகிறது, இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது. நடுவில் அவர் பேச்சு நின்றுவிடுகிறது. என் முகத்தைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்க்கிறார். பிறகு திரும்பி வாசலைப் பார்க்கிறார், எட்டிக்கூடப் பார்க்கிறார். "யாராவது வந்திருக்காங்களா மேடம்?"

"இல்லையே சார்."

"இல்ல, அந்தக் கையால சாப்பிடறீங்களே."

குனிந்து பார்க்கிறேன். வலக்கை. அம்மா முன்னால் உட்கார்ந்த மாதிரி, கதிரேசன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, ஒரு பருக்கை சிந்தாமல் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. இடக்கை மடியில் கிடக்கிறது. "சார், நான் குடுத்த படத்துல கை மாறிப் போச்சு" என்கிறேன். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்துகிறார். எது, நடுக் கார்பனா என்று கேட்கிறார், ஆமாம் என்கிறேன், நீலத்தை அணைத்ததைச் சொல்கிறேன், எழுத்தை மறைத்ததைச் சொல்கிறேன், சோற்றுக் கணக்கை மட்டும் சொல்லவில்லை, அது இவர் மேஜைமேல் பழியைப் போடுவது போலாகிவிடும். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எப்பத் தெரிஞ்சுது?" இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம், பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குத்தான் நூறு வந்தது, பொய்கூட இல்லை அது. "நீங்க போன் பண்ணப்ப பாதி தெரியும் சார்." வேதகிரி சார் தன் டப்பாவில் இருந்த கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்குகிறார். "பாதி தெரிஞ்சா பாதி சொல்லியிருக்கலாமே மேடம்" என்கிறார். கோபமே இல்லை. கோபமே இல்லாமல் சொல்லப்பட்டவை எனக்கு மறப்பதில்லை.

பக்கத்து அறையில் கலக்கி சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த வேண்டாத கை அங்கே தயாராகிக்கொண்டிருக்கிறது. "பாதிதான் போட்டேன்" என்கிறார் பிறகு, மேஜையைப் பார்த்து. "முழுசையும் ஒரே தடவைல போட்டு எனக்குப் பழக்கமில்ல. மீதி ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

"அதத் திருப்பலாமா சார்?"

"திருப்பலாம். ரெண்டு மாசம் ஆவும். திங்கக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க." டப்பாவை மூடுகிறார், பாதிக்கு மேல் சாதம் அப்படியே இருக்கிறது. எழுந்து குழாயடியில் கை கழுவுகிறார், வெகுநேரம் கழுவுகிறார். "நீங்க சாப்பிடுங்க. பாட்டிலை மூடி வெச்சிடுங்க, எறும்பு வந்துடும்." ஸ்பிரிங் கதவு இரண்டு முறை ஆடி நிற்கிறது. நான் தனியாக இருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை, வாசலில் யாரும் வந்திருக்கவில்லை. ஊறுகாய்ப் பாட்டில் இடப்பக்கம் இருக்கிறது, அவர் வைத்த இடத்திலேயே, நகர்த்தாமல்தான் போயிருக்கிறார். இடக்கையைத் தூக்கச் சொல்கிறேன். அது மடியை விட்டு எழவில்லை. சோத்தாங்கைதான் மேஜைக்குக் குறுக்கே நீண்டு போய், கொஞ்சம் சிரமப்பட்டு, ஒரு துண்டு எடுக்கிறது.